வாய் மூடிப் பாடும் பகுதி

குத்துவிளக்கை மெழுகுவத்தியால் ஏற்றி, ரஷ்யாக்காரருடைய படத்துக்குச் சந்தன மாலை போட்டு, சிறப்பு விருந்தினர் பேச வேண்டியதையும் பேச வேண்டாததையும் பேசி முடித்து உட்கார்ந்தபோது, இந்த மனுஷன் உயிரோடு இருந்து தன் கழுத்தில் இந்த மாலையைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் ஐரினுக்குத் தோன்றியது. வதீம் ரியாபின்ஸ்கி, இசையமைப்பாளர். அந்தப் பேரைச் சபை க்வையர் முழுவதையும் ஒழுங்காகச் சொல்ல வைக்கவே, அதை நடத்துகிற லயனல் சாருக்கு நாக்கு தள்ளிவிட்டது. போன வருஷம்தான் இறந்துபோனார். அவர் நினைவாக எழும்பூரில் இந்த மாலைக் கச்சேரி. முதலில் நாலு பேர் வாசிக்கும் குவார்டெட், அப்புறம் தந்தி வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்த ஆர்க்கெஸ்ட்ரா, கடைசியில் க்வையர். கடைசியில் பாடுகிறவர்களை முதலிலேயே மேடையில் ஏற்றி, பின்னால் போட்டிருந்த மரப்படிகளில் உட்கார வைத்துவிட்டார்கள், நடுவில் ஏறினால் செருப்புச் சத்தம் கேட்குமாம். அசையக் கூடாது, இருமக் கூடாது, புடவையைச் சரிசெய்யக் கூடாது. ஐரினின் வலப்பக்கத்தில் எப்சிபா, தம்பி சுந்தர்சிங்கின் பெண்டாட்டி. பக்கத்தில் என்றால் முழங்கையில் முழங்கை படுகிற பக்கம். பதினோரு வருஷமாக அந்த முழங்கைக்காரியோடு ஐரின் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாளைக்குக் காலையில் எப்சிபாவும் சுந்தர்சிங்கும் மெல்போர்ன் போகிறார்கள், மகள் ஷைனியோடு இருந்துவிட. வீட்டைக் காலி செய்தாயிற்று. மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தால் அதை இன்றைக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான், வேறு நாள் கிடையாது.

குவார்டெட் ஆரம்பித்தது. ஆரம்பித்ததே தெரியவில்லை, அப்படி ஒரு மெல்லிசான சத்தம். நாலு பேரும் தந்தி தாங்கும் கட்டையில் சின்னக் கறுப்புத் துண்டு மாட்டிச் சத்தத்தை அமுக்கியிருந்தார்கள். தன் பாட்டுகளை அரசாங்கம் மேடையில் ஏற்ற விடாத காலத்தில் ரியாபின்ஸ்கி இதை எழுதினாராம். சிநேகிதர்கள் யாராவது ஒருத்தர் வீட்டுச் சமையலறையில் கூடி, அடுத்த வீட்டுக்குக் கேட்காத மாதிரி வாசிப்பார்களாம், லயனல் சார் சொல்லியிருந்தார். பாவம், சமையலறையில் எவ்வளவு நேரம்தான் அமுக்கி வாசிப்பது, ஒருத்தராவது ஒரு தடவையாவது ஓங்கி இழுத்திருக்க மாட்டாரா. கன்னத்தில் ஒதுக்கியிருந்த கிராம்பை ஐரின் நாக்கால் தள்ளினாள். தொண்டையில் ஒரு இருமல் உட்கார்ந்திருக்கிறதா இல்லையா என்று பார்த்தாள். பார்க்கப் போனால் வந்துவிடும், பார்க்காமல் இருப்பதே நல்லது. சற்று முன் உடை மாற்றும் அறையில் சொல்லியிருக்கலாம். எப்சிபாவின் கொசுவம் கலைந்து தொங்கியது, சுற்றிலும் இருந்தவர்கள் ஆளாளுக்குத் தன் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஐரின்தான் குனிந்து, தரையில் ஒரு முட்டியை ஊன்றி, நீலப் புடவையின் மடிப்பு ஒவ்வொன்றாக எடுத்து நீவிக் கொடுத்தாள். எப்சிபா மேலே மடிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் எவ்வளவு நல்ல நேரம், முகத்தைப் பார்க்க வேண்டாம், புடவையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். எப்சி என்று வாய்க்குள் கூப்பிட்டாள். மேடைக்கு வாங்க என்று வெளியிலிருந்து குரல் வந்தது. எப்சிபா தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தாள். முட்டி வலி இன்னும் இருக்கிறது, சொல்லாத வார்த்தையும் இருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டு மரப்படியில் உட்கார்ந்திருக்கிறாள்.

இத்தனைக்கும் பேசாதவர்கள் என்று இவர்களைப் பார்த்து யாரும் சொல்ல மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், வாரத்து ஒத்திகையில், கிறிஸ்மஸ் கீதங்களில், கல்யாணத்தில், அடக்க ஆராதனையில், எங்கேயும் ஐரினுக்குப் பக்கத்தில் எப்சிபாதான். ரெண்டு பேருக்கும் ஒரே தொண்டை, பிரிச்சா பாட்டு கெட்டுப்போகும் என்று லயனல் சார் ஒரே பிடிவாதம். இரண்டாம் ஆல்டோ, அதாவது பெண்குரல்களிலேயே அடியில் கிடக்கிற குரல், யாரும் தனியாகக் கேட்காத குரல், இல்லாவிட்டால் மட்டும் எங்கேயோ ஏதோ குறைகிறதே என்று தோன்றும். அந்த இரண்டாம் ஆல்டோவுக்கு ரியாபின்ஸ்கி வைத்திருக்கிற வேலை இருக்கிறதே, அதை எழுதின கையை என்ன செய்வது. ஒரே சுரத்தைப் பக்கம் பக்கமாக இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு மனுஷியால் முடியாது, அதனால் மாற்றி மாற்றி மூச்சு எடுக்க வேண்டும். "பக்கத்துல இருக்கறவங்க மூச்சு எடுக்கும்போது நீங்க எடுக்காதீங்க. வரி முடியற இடத்துல எடுக்காதீங்க, எல்லாரும் அங்கதான் எடுப்பாங்க. திருட்டுத்தனமா வெளிய போங்க, திருட்டுத்தனமா உள்ள வாங்க. கேக்கறவனுக்கு ஒரே ஆள் மூச்சே விடாம பாடற மாதிரி இருக்கணும்" என்பார் சார். இதைப் பேசி வைத்துக்கொள்வார்கள் மற்றவர்கள், நீ இங்கே எடு நான் அங்கே எடுக்கிறேன் என்று பென்சிலால் குறித்துக்கொள்வார்கள். இவர்களுக்குப் பேச்சு இல்லை, ஆகவே பென்சிலும் இல்லை. எப்சிபா மூச்சு எடுக்கும் முன்னால் அவளுடைய இடது தோள் ஒரு நூல் உயரும். உயர்ந்தால் ஐரின் பிடித்துக்கொள்வாள். அது இறங்கி, குரல் திரும்ப உள்ளே வந்து சேர்ந்த பிறகு ஐரின் எடுப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட இருவரும் சேர்ந்து விட்டதில்லை. அந்த மூச்சை வைத்தே அவள் வீட்டுச் சமாச்சாரமெல்லாம் ஐரினுக்குத் தெரிந்துவிடும். மூச்சு மேலோட்டமாக ஓடினால் வீட்டில் ஏதோ கவலை. நடுவில் சின்ன விசில் கேட்டால் மார்கழி இழுப்பு ஆரம்பித்துவிட்டது, ராத்திரி தூங்கியிருக்க மாட்டாள். என்ன எப்சி, உடம்பு சரியில்லையா என்று கேட்கத்தான் வாய் வராது. கேட்காமலேயே தெரிந்து வைத்துக்கொண்டு யாருக்கு என்ன பிரயோஜனம்.

அவளுக்கு மூச்சு பத்தாது சார். ஐந்து சொல்கூட இல்லை. வயோலாக்காரர் ஒரு சுரத்தை எடுத்து நீட்ட, மற்ற மூவரும் அதைக் கேட்காதவர்கள் போலத் தங்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஐரினுக்கு அந்த வாக்கியம் மறுபடி வந்து நின்றது. அது எப்போதும் இப்படித்தான் வரும், பால் பொங்கும்போது வரும், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்து உட்கார்ந்தால் வரும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே க்வையர், இன்றைக்குக் கடைசியில் பாடப்போகிற இதே பாட்டை முதல் தடவை எடுத்தபோது, சபை மண்டபத்து வராந்தாவில் லயனல் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். கடைசிப் பகுதியில் எல்லாரும் வாயை மூடி முனகும்போது அதன் மேலே ஒரே ஒரு ஆல்டோக் குரல் எழுந்து வரும், தனியாக, வார்த்தை இல்லாமல். அதை எப்சிபாவுக்குக் கொடுக்கலாம்னு நினைக்கிறேன், நீங்கதான ஆல்டோக்குப் பெரியவங்க, என்ன சொல்றீங்க ஐரின் என்றார். அவளுக்கு மூச்சு பத்தாது சார். யோசித்துச் சொன்னாளா, யோசிக்காமல் சொன்னாளா. பொய்யா என்றால் பொய்யில்லை, எப்சிபாவுக்கு இழுப்பு உண்டு, ஊரறிந்த விஷயம். நல்லதுக்குச் சொன்னாளா என்றால் நல்லதுக்குத்தான், மேடையில் நின்று இழுத்தால் அவமானமில்லையா. இதெல்லாம் ஐரின் தனக்கே சொல்லிக்கொண்டது. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒரு நாள் உண்மையையும் சொல்லிக்கொண்டாள்: பொறாமை. தம்பிக்கு வந்த பெண்டாட்டி, வீட்டுக்கு வந்து தம்பியை எடுத்துக்கொண்டாள், சரி, அது உலக வழக்கம். பாட்டு மட்டும் ஐரினுடையது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவளுக்கு, தபால் ஆபீசில் முத்திரை குத்தியே வயசைக் கழித்தவளுக்கு, அது ஒன்றுதான் இருந்தது. அப்ப நீங்களே பாடிருங்க என்றார் சார். பாடினாள். நன்றாகத்தான் இருந்தது என்றார்கள் எல்லாரும். நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேல் ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை, சொல்லும்படி இல்லை. எப்சிபா பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று ஐரினுக்கு மட்டும் தெரியும், பக்கத்தில் நின்று கேட்டவளாயிற்றே.

சார் கேட்டபோது சாரின் மனைவி அங்கேதான் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள், அந்தம்மா வாயில் எதுவும் தங்காது. அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு நாலு நாள் முன்னால் எப்சிபா முறுக்கும் முந்திரிக்கொத்தும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஐரின் வீட்டுக்கு வந்தாள். எப்போதும் வாசலிலேயே மதினி என்று குரல் கொடுப்பவள் கொடுக்கவில்லை. ஐரின் வா என்றாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தட்டை மேஜைமேல் வைத்தாள், ஒரு தலையாட்டு, திரும்பிப் போய்விட்டாள். தெரிந்துவிட்டது, போச்சு என்று நினைத்தாள் ஐரின். மறுநாள் ஃபோன் அடித்தது, தம்பி வீட்டு நம்பர். கேட்கப் போகிறாள், ஏன் மதினி அப்படிச் சொன்னிய என்று கேட்கப் போகிறாள், என்ன பதில் சொல்வது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஐரின் ஃபோன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், கையில் துடைக்கிற துணியோடு. அதற்கு அப்புறம் அடிக்கவில்லை. பிறகு என்ன, வழக்கம்போல்தான். அவள் பேசவில்லை, இவள் பேசவில்லை, நடுவில் சுந்தர்சிங். "எக்கா, எப்சி கேக்கச் சொன்னா, ஈஸ்டருக்கு நீ இங்க சாப்பிடுதியான்னு." "வரலன்னு சொல்லு." அவனும் இரண்டு பக்கமும் தூது போய்ப் போய், இந்தப் பொம்பளைங்க சமாச்சாரம் எனக்கு வேண்டாம்ப்பா என்று கடைசியில் சாப்பாட்டை டிபன் கேரியரில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். கேரியரைத் திறந்தால் ஐரினுக்குப் பிடிக்குமென்று கத்தரிக்காயை எண்ணெயில் தனியாக வதக்கி வைத்திருக்கும். கோபக்காரி எதற்கு வதக்கி அனுப்புகிறாள் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம் இல்லையா. யோசிக்கவில்லை. குத்திக் காட்டுகிறாள் என்றுதான் நினைத்தாள்.

கைதட்டினார்கள், குவார்டெட் எழுந்து குனிந்தது, பின்னாலேயே மற்ற வயலின்காரர்களும் செல்லோக்காரர்களும் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். இப்போது ஆர்க்கெஸ்ட்ரா. ஆறு உறைந்துபோவதைப் பற்றின பாட்டு, ரியாபின்ஸ்கியின் ஊரில் குளிர்காலத்துக்கு முன்னால் அப்படி ஆகுமாம். ஓடிக்கொண்டிருக்கிற தண்ணீர், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோய்க்கொண்டே வரும். முதலில் கடைசி வரிசை வயலின் நின்றது, அப்புறம் அதற்கு முன் வரிசை. நின்றவர்கள் வில்லைத் தந்திமேலேயே வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஐரினுக்கு இதைக் கேட்கவே பிடிக்கவில்லை. ஏசி நேராகக் கழுத்தில் அடித்தது. நாளை முதல் டிபன் கேரியர் வராது. டிபன் கேரியர் என்ன டிபன் கேரியர், ஒரு ராத்திரியில் நெஞ்சு வலித்தால் யாரைக் கூப்பிடுவது. அதுவும் போகட்டும், அடுத்த ஞாயிறு இந்த வலப்பக்கத்தில் யார் நிற்பாள், எந்தத் தோளைப் பார்த்து மூச்சை எடுப்பது. சுந்தர்சிங் போன வாரம் சொன்னான், எக்கா, முதல்ல ஆகஸ்டுல போறதாத்தான் டிக்கெட்டு, எப்சிதான் இந்தப் பாட்ட பாடிட்டுத்தான் வருவேன்னு தேதிய மாத்த வச்சா. எதற்கு. தனக்குக் கிடைக்காமல் போன பாட்டை, அதுவும் முன்னால் வந்து பாடாமல் பின்னால் நின்று முனகுவதற்கு, டிக்கெட்டை மாற்றுவாளா ஒருத்தி. அப்போதுதான் பக்கத்திலிருந்து அந்தச் சின்ன விசில் கேட்டது. இழுப்பு. மூட்டை கட்டின தூசி, இந்த ஏசி வேறு. ஐரின் கண்ணை மட்டும் திருப்பினாள். எப்சிபா மடியில் கறுப்பு ஃபைலை வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்து, நேராக உட்கார்ந்திருந்தாள். பயம் என்றால் அப்படி ஒரு பயம் வந்தது ஐரினுக்கு. ஏனென்றால் இரண்டாம் ஆல்டோவில் இன்றைக்கு மொத்தமே இவர்கள் இரண்டு பேர்தான். இருக்க வேண்டிய மற்ற இருவரில் ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்தி மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். எல்லாரும் பாடி ஓய்ந்த பிறகு மிஞ்சுகிற அந்தக் கடைசி முனகலை இவர்கள் இரண்டு பேரும்தான் பிடிக்க வேண்டும்.

க்வையர் பாடப்போகிற பாட்டினுடைய கதையே அந்த முனகல்தான். ஏதோ ஒரு ஊரில் கோயில் மணியை இறக்கி உருக்கிவிட்டார்கள். மாலையானால் மணி அடித்துப் பழகிய ஊர். மணி போன பிறகும் அந்த நேரத்துக்கு அவரவர் வீட்டில் வாயை மூடிக்கொண்டு, மணி அடித்து முடித்த பிறகு காற்றில் மிஞ்சுமே ஒரு ரீங்காரம், அதை முனகுவார்களாம். வெளியில் சொன்னால் ஜெயில். வாயைத் திறக்கவில்லையே, யார் என்ன கேட்பது. செல்லோவும் நின்றது. ஒரே ஒரு வயலின் மட்டும் கொஞ்ச தூரம் போய் அதுவும் நின்றது. கைதட்டல். லயனல் சார் திரும்பி, கையை லேசாகத் தூக்கினார், க்வையர் எழுந்தது. எழும்போது எப்சிபாவின் கை ஒரு விநாடி படியைத் தேடியது. ஐரின் முழங்கையைக் கொடுத்தாள், எப்சிபா ஊன்றிக்கொண்டு எழுந்தாள். அந்தக் கனம் கையில் இருக்கும்போதே ஐரின் முடிவு செய்துவிட்டாள். சொல்ல வரவில்லை, இனி வரவும் போவதில்லை, கச்சேரி முடிந்தால் கூட்டம், கார், நாளைக்கு விமானம். வேறு எதைக் கொடுப்பது, இதுதான் இருக்கிறது. இன்றைக்கு மூச்சு முழுக்க எப்சிபாவுக்கு. அவள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கட்டும், இரண்டு மடங்கு எடுக்கட்டும், தோள் உயர்கிறதோ இல்லையோ, ஐரின் விடப் போவதில்லை. பத்தாது என்று சொன்ன வாய் இன்றைக்கு மூடிக்கொண்டு பிடிக்கட்டும்.

முதல் பகுதி போயிற்று, இரண்டாவது போயிற்று. ஆண்கள் அடியில் உறுமினார்கள், சொப்ரானோக்கள் மேலே பறந்து பறந்து வந்தார்கள், ரஷ்ய வார்த்தைகளெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்தது, வாய் தன்னால் சொல்லியது. விசில் இன்னும் இருந்தது. கடைசிப் பகுதி வந்தது. வாயை மூடினார்கள். லயனல் சாரின் கை தரையைத் தடவுகிற மாதிரி தாழ்ந்தது, சுரம் வந்து உட்கார்ந்தது, ஐரினின் பல்லும் கன்னமும் மூக்குத் தண்டும் அதிர்ந்தன, பக்கத்தில் எப்சிபாவின் சுரம், இரண்டும் ஒன்றாகவே இருந்தன, எது யாருடையது என்று கேட்டால் ஐரினுக்கே சொல்லத் தெரியாது. முன்னால் தனிக்குரலுக்கு நிற்கிற கல்லூரிப் பெண் மெதுவாக எழுப்பினாள். நல்ல பெண், நல்ல குரல், ஒன்றும் குறையில்லை. அதே நாலு வரி. ஐரின் கேட்கவில்லை. ஐரின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது உயரும், எடுத்துக்கோ எப்சி. உயரவில்லை. தன் மூச்சில் பாதி போய்விட்டது, இருக்கட்டும், இன்னும் இருக்கிறது. சொப்ரானோக்கள் நின்றார்கள். ஆண்கள் நின்றார்கள். விசில்கூடக் கேட்கவில்லை, அப்படியென்றால் அடக்கிப் பிடித்திருக்கிறாள், எதற்குப் பிடிக்கிறாள், எடேன், நான் இருக்கிறேனே. விலாவுக்குள் ஏதோ இழுத்துக் கட்டுகிற மாதிரி இருந்தது. கல்லூரிப் பெண்ணின் குரல் மேலே போய் அங்கேயே கரைந்தது, இப்போது மேடையில் வேறு சத்தமே கிடையாது, இவர்களுடைய முனகல் ஒன்றுதான். எடு எப்சி, தயவுசெய்து எடு. கண்ணுக்கு முன்னால் லயனல் சாரின் வெள்ளைச் சட்டை மங்கியது. தோள் உயரவில்லை. இதற்கு மேல் முடியாது என்று உடம்பு சொன்னது, ஐரின் விட்டாள், அதே கணம் பக்கத்தில் எப்சிபாவும் விட்டாள். இருவரும் சேர்ந்து மூச்சை இழுத்த சத்தம் அரங்கத்துக்கே கேட்டிருக்கும். சுரம் இல்லை. ஒன்றுமே இல்லை. லயனல் சாரின் கை அந்தரத்தில் நின்றது, முகம் வெளிறியது. பிறகு இருவரும் ஒன்றாகவே உள்ளே வந்தார்கள், சுரம் திரும்ப வந்து உட்கார்ந்தது, சாரின் கை மெதுவாக மூடியது, முடிந்தது.

கேட்டவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். சார் திரும்பிக் குனிந்தார், க்வையரைக் காட்டினார், முதுகைப் பார்த்தாலே கோபம் தெரிந்தது. க்வையரில் எல்லாரும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எப்சிபாவும் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எடுப்பியன்னுல்லா நான் புடிச்சிட்டு இருந்தேன் மதினி" என்றாள். குரல் கரகரவென்று இருந்தது.

"நீ எடுப்பன்னு நான் இருந்தேன்" என்றாள் ஐரின். பேசிவிட்டாள் என்பது அதற்கு அப்புறம்தான் உறைத்தது.

உடை மாற்றும் அறையில் ஒரே இரைச்சல், பூங்கொத்து, சமோசா. எப்சிபா ஒரு மூலை நாற்காலியில் உட்கார்ந்து இழுப்புக்கு மருந்தை வாயில் அடித்துக்கொண்டாள். ஐரின் முன்னால் போய் நின்றாள். இனிமேல் யோசித்தால் வராது என்று யோசிக்காமலேயே சொன்னாள். "எப்சி, மொத தடவ இந்தப் பாட்டு எடுத்தப்ப லயனல் சார் உன்னத்தான் தனியாப் பாட வைக்கணும்னார். நாந்தான் உனக்கு மூச்சு பத்தாதுன்னு சொல்லிட்டேன். உனக்கும் தெரியும். எனக்குத்தான் இத்தன வருஷமா சொல்ல வாய் வரல. மன்னிச்சுக்கோ." எப்சிபா மருந்துக் குப்பியை மூடினாள். "எனக்கு என்ன தெரியும்?" என்றாள். "அதான், உன்னப் பாட வைக்கலாமான்னு சாரு என்ட்ட கேட்டது." "கேட்டாரா? என்னையா பாடச் சொல்லி?" அவள் முகத்தில் அது முழுப் புதுச் செய்தியாக விழுவதை ஐரின் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்தக் கிறிஸ்மஸுக்கு, தட்ட வச்சிட்டு, ஒரு வார்த்த பேசாமப் போனியே." எப்சிபா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள், ரொம்ப தூரம் போய் எடுத்துவருகிறவளைப் போல. "அன்னைக்கா? பல்லு புடுங்கியிருந்தேன் மதினி. வாய் நெறைய பஞ்சு, தொறந்தா ரெத்தம் வரும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. மறுநா அதச் சொல்லலாம்னுதான் ரெண்டு மட்டம் ஃபோன் அடிச்சேன். நீங்க எடுக்கல. அப்புறம் பாத்தா முகத்தையே திருப்பிக்கிட்டிய. ஷைனி தானா மாப்பிள பாத்துக்கிட்டது தெரிஞ்சு, வளத்த லெச்சணத்தப் பாருன்னு என்மேல கோவமாக்கும்னு இருந்துட்டேன்." ஐரினுக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, உட்கார இடமில்லை. "மூச்சு பத்தாதுங்கது உண்மைதான. சாரு கேட்டிருந்தா நானே மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள் எப்சிபா. கண் நிறைந்துவிட்டது. "ஆனா கேட்டாருங்கதயாவது ஒரு வார்த்த என்ட்ட சொல்லியிருக்கலாம்." அப்புறம் ரொம்ப மெதுவாகக் கேட்டாள், "இதுக்கா மதினி? இதுக்கா இம்புட்டு வருஷம்?" திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், திட்டு வாங்கிக்கொள்ளத்தான் அவள் இத்தனை வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

சுந்தர்சிங் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான், டாக்சி நிக்குது, சீக்கிரம், இன்னும் ரெண்டு பெட்டி கட்டணும் என்று. இரண்டு பேர் கண்ணையும் பார்த்தான், ஊருக்குப் போகிற அழுகை என்று நினைத்துக்கொண்டான், வேறு என்ன தெரியும் அவனுக்கு. "நடுவுல ஒரு இடத்துல அப்படியே நிப்பாட்டுனியளே, அதுதான் பிரமாதம், பக்கத்துல இருந்த ரஷ்யாக்காரம்மா கண்ணத் தொடச்சிக்கிட்டா" என்றான். எப்சிபா எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்து, "ஏறுங்க மதினி, ஒங்கள வேப்பேரில எறக்கிட்டுப் போறோம்" என்றாள். பின் சீட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள், முழங்கையில் முழங்கை பட்டது. ஷைனிக்குக் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும், ஆசீர்வாதம் சொல்லும்போது மட்டும் வந்துவிட்டுச் சாப்பிடாமல் போனவள் ஐரின். கத்தரிக்காயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே குளிருமே, இழுப்புக்கு என்ன செய்வாய் என்று கேட்க வேண்டும். டிக்கெட்டை ஏன் மாற்றினாய் என்று கேட்க வேண்டும், கடைசியாக ஒரு தடவை பக்கத்தில் நின்று பாடத்தான் என்று பதில் இப்போது தெரிகிற மாதிரி இருந்தது, ஆனாலும் அவள் வாயால் கேட்க வேண்டும். எதை முதலில் எடுப்பது. என்றைக்கும் இல்லாத அதிசயமாக எல்லா சிக்னலும் பச்சையாக இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். "நீங்க சொல்லுங்க மதினி" என்றாள் எப்சிபா. "இல்ல, நீ சொல்லு" என்றாள் ஐரின். அவள் சொல்லட்டும் என்று இவளும், இவள் சொல்லட்டும் என்று அவளும் காத்திருந்தார்கள். அதற்குள் வேப்பேரி வந்துவிட்டது.